கிழிசல் மேலே

1

இந்தக் கதை இரண்டு வாக்கியங்களிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் என்னிடம் வந்து சேர்ந்தன.

முதல் வாக்கியம் ஒரு நண்பர் சொன்னது. அவர் குடும்பத்தில் பலர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். கிழிந்த மூட்டையை வண்டியில் ஏற்றும்போது கிழிசல் மேலே இருக்க வேண்டும் என்றார். கீழே இருந்தால் போகிற வழியெல்லாம் அரிசி சிந்தும்.

இரண்டாவது வாக்கியம் ஒரு மருத்துவக் கையேட்டில் இருந்தது. நுரையீரலிலிருந்து பெருமளவில் இரத்தம் வந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி நோயாளியைப் படுக்க வைக்க வேண்டும்.

கையேட்டை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூட்டை தூக்குபவர்கள் ஒரு மனிதனைத் தூக்க நேர்ந்தால் எப்படிப் படுக்க வைப்பார்கள்?

அதற்கு மேல் நான் யோசிக்க விரும்பவில்லை. ஆனால் கை எழுதத் தொடங்கிவிட்டது.

2

தொடக்கங்கள்.

"1931ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, சென்னைத் துறைமுகத்தில் ரங்கூன் அரிசி ஏற்றி வந்த கப்பல்" [நிறுத்திவிட்டேன். பாடப்புத்தகம் போல இருக்கிறது. ஆனால் ஆண்டும் மாதமும் அரிசியும் அதுதான். வைத்துக்கொள்ளுங்கள்.]

"இரத்தம் சிவப்பாக இருந்தது." [அடித்துவிட்டேன். வேறெப்படி இருக்கும்?]

பிறகு படித்தபோது தெரிந்தது, வேறு மாதிரியும் இருக்கும். வயிற்றிலிருந்து வரும் இரத்தம் பெரும்பாலும் கறுத்து, காப்பித்தூளைக் கரைத்தது போல இருக்கும். நுரையீரலிலிருந்து வருவது பளிச்சென்று சிவந்து நுரையோடு வரும். பார்த்த உடனே பிரித்தறிய உதவும் அடையாளம் இது.

அடித்ததைத் திரும்ப எழுதினேன்.

இரத்தம் சிவப்பாக இருந்தது. அதில் நுரை இருந்தது.

3

வேலப்பனுக்கு முப்பத்திரண்டு வயது. கப்பலிலிருந்து கிடங்குக்கு மூட்டை சுமக்கும் கும்பலில் ஒருவன். கும்பலின் மேஸ்திரி ஜெயவேல், வேலப்பனின் மச்சான். வேலப்பனின் மனைவி கெங்கம்மா, ஜெயவேலின் தங்கை. அவளும் அங்கேதான் வேலை செய்தாள். மூட்டைகளிலிருந்து சிந்தும் அரிசியைத் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் புடைத்துச் சேர்ப்பது அவள் வேலை.

போன தீபாவளியிலிருந்து வேலப்பனுக்கு இருமல். இருமும்போதெல்லாம் இடது மார்பை அழுத்திக்கொள்வான். இடது தோளில் சுமந்தவன் வலது தோளுக்கு மாறினான். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காசம் என்று எழுதிவிட்டால் பக்கத்தில் நின்று மூட்டை தூக்க ஆள் வராது.

அன்று காலை பத்து மணி. வேலப்பன் மூட்டைக்குக் கீழே தடுமாறினான்.

"இன்னா மாமு," என்றான் கைவண்டிக்கார மண்ணாங்கட்டி. "நீ மூட்டைய தூக்கறியா, மூட்டை உன்னைய தூக்குதா?"

"உன் பொண்டாட்டின்னு நெனச்சி தூக்கிட்டேன். அதான் இஸ்துகினு போவுது."

"அவள தூக்கினா நீ இன்னேரம் கடல்ல கீற."

கும்பல் சிரித்தது. வேலப்பனும் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. மூட்டையைக் கீழே போட்டான். மேஸ்திரியின் கும்பலில் யாரும் மூட்டையைப் போடுவதில்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

அவன் மூட்டையின் மேல் குனிந்தான். கோணியில் அரை டம்ளர் இரத்தம் விழுந்தது. பிறகு ஒரு டம்ளர். அவன் அதைப் பார்த்தான். வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தான்.

கெங்கம்மாவின் கையிலிருந்து முறம் விழுந்தது.

[நீக்கியது: அன்று காலை வீட்டில் சண்டை. "நீ ரத்தம் கக்கித்தான் சாவே" என்று அவள் அவனைத் திட்டியிருந்தாள். கதைக்கு வசதியான சாபம். இப்படிப் பேசும் வீடுகள் ஆயிரம் உண்டு. அவர்களில் யாருக்கும் இரத்தம் வருவதில்லை. எடுத்துவிட்டேன்.]

4

ஜெயவேலை முட்டாளாக எழுத நினைத்தேன். முரடன், பிடிவாதக்காரன், யார் சொன்னாலும் கேட்காதவன். அப்படி ஒருவன் இருந்தால் பழியை அவன் மேல் போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போகலாம்.

நான்கு பக்கம் எழுதினேன். அவன் உயிரோடு வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

ஜெயவேல் கவனமானவன். இருபது வருடமாக மூட்டை அடுக்குகிறவன். கிழிந்த மூட்டை வந்தால் வேறு யாரையும் தொட விடமாட்டான். தானே இரண்டு கையாலும் ஏந்தி, கிழிசலை வானம் பார்க்க வைத்து, ஆடாமல் இருக்கப் பக்கத்தில் கோணியைச் சுருட்டி முட்டுக் கொடுப்பான்.

அன்றும் அதையே செய்தான்.

"வைக்கோல் போடுடா. கோணி நாலு மடிச்சிப் போடு. மச்சானுக்கு எடது பக்கம்தான் கிய்ஞ்சிகீது. அது மேல இருக்கணும். அலுங்காம தூக்கு."

வேலப்பனை மண்ணாங்கட்டியின் கைவண்டியில் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். இடது மார்பு மேலே. முதுகுக்குப் பின்னால் சுருட்டிய கோணி. ஜெயவேல் தன் துண்டை அவிழ்த்துத் தலைக்கு வைத்தான்.

"மச்சான், கண்ணத் தொற. தோ, ஆஸ்பத்திரி. டேய் மண்ணாங்கட்டி, ஆட்டாம வண்டிய வலி. அரிசி மாரி இல்ல, கண்ணாடி மாரி."

அன்பில் குறை இல்லை. முறையில் குறை இல்லை. ஒரு மூட்டைக்கு இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது.

5

நீங்கள் நினைப்பீர்கள், இவ்வளவு இரத்தம் போனால் மனிதன் இரத்தம் இல்லாமல் சாவான் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெரும்பாலும் அப்படி இல்லை. மூச்சுப் போகும் வழி முழுவதிலும், தொண்டையிலிருந்து சின்னக் கிளைகள் வரை, இருக்கிற இடம் ஒரு சிறிய டம்ளர் அளவு. நூற்றைம்பது மில்லி. அதை நிரப்பினால் போதும். உடம்பில் லிட்டர் கணக்கில் இரத்தம் இருக்கும்போதே மனிதன் மூழ்கிவிடுவான். கடலும் வேண்டாம், கிணறும் வேண்டாம்.

இதைப் படித்த அன்று என் மேசையில் காப்பி டம்ளர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தேன்.

காரணங்கள் பல.* வண்டியோடு ஓடுகிறவர்களுக்குக் காரணம் பிறகு. அந்த நேரத்தில் ஒரு கேள்விதான்: எந்தப் பக்கம்? கிழிந்த நுரையீரல் கீழே இருந்தால் இரத்தம் அதிலேயே தேங்கும், அல்லது வாய் வழியாக வெளியே வரும். மேலே உள்ள நல்ல நுரையீரல் மூச்சு விடும். கிழிந்தது மேலே இருந்தால் இரத்தம் சரிவில் இறங்கி நல்லதற்குள் போகும்.

ஜெயவேல் நல்ல நுரையீரலைக் கீழே வைத்திருந்தான்.

* காசநோய், அது அரித்த பள்ளத்துக்குள் ஓடும் இரத்தக்குழாய். காசம் ஆறிய பிறகும் எஞ்சும் பள்ளம். நுரையீரலில் சீழ்க்கட்டி. விரிந்து தளர்ந்துபோன மூச்சுக்குழல்கள். இதயத்தின் வால்வு சுருங்குவது. புற்று. அடிபடுவது. வேலப்பனுக்குக் காசம் என்று எழுதியிருக்கிறேன். அந்த ஆண்டில், அந்தத் துறைமுகத்தில், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

6

ஒரு வாக்குமூலம்.

இந்தக் கதையின் முதல் வரைவு வேறு. அதில் ஒரு நர்ஸ் வருகிறாள். வண்டியை நிறுத்துகிறாள். வேலப்பனைத் திருப்புகிறாள். அவன் பிழைக்கிறான். நண்பர்கள் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நெஞ்சுநோய் மருத்துவர் சங்கரநாராயணனிடம் கொடுத்தேன். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வலது நுரையீரல்லதானே ரத்தம்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"நர்ஸ் அவரை எந்தப் பக்கம் திருப்பறாங்க?"

"இடது பக்கம்."

"அப்ப எது கீழே?"

"இடது. நல்ல பக்கம்."

"உங்க கதையில அவரைக் கொன்னுட்டீங்க. கொன்னுட்டு, பிழைச்சார்னு எழுதியிருக்கீங்க."

கையேட்டின் வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். எழுதும்போது கை தானாகக் காயத்தை மேலே வைத்தது. காயத்தின் மேல் பாரம் படக் கூடாது என்று எந்தக் கையும் நினைக்கும். நான் எந்த மூட்டையும் தூக்கியதில்லை. ஜெயவேலுக்காவது இருபது வருடத்து வேலை காரணம். எனக்கு அதுவும் இல்லை.

அந்த வரைவைப் பாராட்டிய ஆறு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்த வரைவில் கிழிசலை இடது பக்கத்துக்கு மாற்றினேன். ஒவ்வொரு வரியிலும் என் மார்பைத் தொட்டுப் பார்த்து எழுதுகிறேன்.

7

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரயில்வே கேட். மூடியிருந்தது. சரக்குப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் முன்னே போயிற்று, பின்னே வந்தது.

"கேட்ட தொற நைனா!" மண்ணாங்கட்டி கத்தினான். "ஆளு சாவறான்!"

"ரயிலு இன்னா என் வூட்டு ரயிலா? டிரைவராண்ட போய்ச் சொல்லு." கேட்காரன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். கொடியை வீசிக்கொண்டு எஞ்சினை நோக்கி ஓடினான்.

வேலப்பனின் உதடு நாவல் பழம் தின்றவன் உதடு போல இருந்தது. மூச்சில் குமிழி உடையும் சத்தம்.

ஃப்ளோரா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ராயபுரத்துக்காரி. மாதா கோயிலுக்குப் பின்தெரு. ஆறு வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் காச வார்டில் நர்ஸ். குடையை மடக்கிக்கொண்டு வண்டியருகே வந்தாள்.

"யாரு இவர இப்டி படுக்க வெச்சது?"

"நாந்தான்," என்றான் ஜெயவேல். "இன்னா இப்போ?"

"எந்தப் பக்கம் நோவு?"

"எடது. அதான் மேல வெச்சிகீறோம்."

"திருப்பு. எடது கீழ வரணும்."

"நல்லா கீதும்மா நாயம். கிய்ஞ்ச பக்கம் கீழ வெச்சா அல்லாம் கொட்டிப்பூடும். இருவது வருசமா இதான் என் வேல. நீ வந்து சொல்லித் தர்றியா?"

"கொட்டட்டும்யா. வெளிய கொட்டட்டும். இப்போ உள்ள கொட்டிகினு கீது."

"இன்னா உள்ள?"

"உன் மூட்டைக்கு ஒரு பை. இவருக்கு ரெண்டு பை. ரெண்டுக்கும் சேத்து ஒரே வாய். ஒண்ணு கிய்ஞ்சிப்போச்சி. நீ அத மேல வெச்சிட்டே. அதுல கீற ரத்தம் எங்க போவும்? சொல்லு. நல்ல பைக்குத்தான் போவும்."

இருபது வருடத்தில் இரண்டு பை உள்ள மூட்டையை ஜெயவேல் பார்த்ததில்லை.

"அண்ணே," என்றான் மண்ணாங்கட்டி, "அந்தம்மா சொல்றது..."

"கம்னு கெட. தொடாத. எவனும் தொடாத."

8

இந்த இடத்தில் ஃப்ளோரா ஒரு கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்வியை நான் சும்மா, நர்ஸ்கள் கேட்கும் கேள்வி என்று எழுதினேன்.

"வழியில அவரே திரும்பப் பாத்தாரா?"

உடம்புக்குச் சில சமயம் தெரிந்துவிடும். மூச்சுக் கிடைக்கும் பக்கத்தை அதுவே தேடும்.

இந்த வரைவிலேயே முதலில் ஜெயவேல் பதில் சொன்னான். ஆமாம், மூன்று முறை புரண்டான், நான்தான் பிடித்து நிறுத்தினேன் என்றான். சரியாகப் பொருந்தியது. பிறகு வண்டியைப் படம் வரைந்து பார்த்தேன். ஜெயவேல் முன்னால், மண்ணாங்கட்டியோடு சேர்ந்து இழுக்கிறான். அவன் கை வண்டிக்குள் எட்டாது. வேலப்பனின் முதுகுப் பக்கம், வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தது ஒருவர்தான்.

நான் எழுதுகோலை வைத்துவிட்டேன். அன்று எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை.

"பாத்தாரு," என்றாள் கெங்கம்மா. "மூணு தபா."

"யாரு புடிச்சது?"

"நாந்தான்."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அவன் இடது தோளில் வைத்து அழுத்திய கை. கிழிசல் கீழே போனால் என்ன ஆகும் என்று அவளுக்கு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தினமும் அதைத்தான் துடைப்பத்தால் கூட்டினாள்.

"விடுன்னு மொனகினாரு," என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோன்னு சொன்னேன். கொஞ்சம் பொறுத்துக்கோ, தோ வந்திருச்சி, தோ வந்திருச்சின்னு சொல்லிகினே அமுக்கினேன்."

எஞ்சின் பின்னே வந்தது.

9

முடிவுகள்.

[முடிவு ஒன்று: ஜெயவேல் விடவில்லை. கேட் திறந்தது. வண்டி அப்படியே போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் மண்ணாங்கட்டி திரும்பிப் பார்த்தான். வேலப்பனுக்கு மூச்சு இல்லை. எழுதினேன். நடந்திருக்கக் கூடியது. வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.]

[முடிவு இரண்டு: திருப்பினார்கள். திருப்பிய உடனே இறந்தான். நர்ஸ்தான் கொன்றாள் என்று கும்பல் சொன்னது. மறுநாளும் கிழிந்த மூட்டைகள் வந்தன. கிழிசல் மேலேயே வைத்தார்கள். இதுவும் நடந்திருக்கக் கூடியது. சங்கரநாராயணனைக் கேட்டேன். "சரியாச் செஞ்சாலும் போயிடுவாங்க சார்," என்றார். "அதுக்காக வேற என்ன செய்யறது? சரியாத்தான் செய்யணும்."]

நான் எழுதியது இது.

"கெங்கா, தொடாத," என்றான் ஜெயவேல்.

கெங்கம்மா வண்டியில் ஏறினாள். முதுகுக்கு முட்டாக வைத்த கோணியை எடுத்துத் தெருவில் எறிந்தாள். இரண்டு கையையும் கணவனுக்கு அடியில் கொடுத்துப் புரட்டினாள். ஃப்ளோரா அவன் தலையைத் தாழ்த்திப் பிடித்து, விரலை வாய்க்குள் விட்டுக் கட்டியான இரத்தத்தை வழித்து எடுத்தாள்.

ஜெயவேல் சொன்னதுதான் நடந்தது. எல்லாம் கொட்டியது. வைக்கோல் நனைந்து, பலகை இடுக்கு வழியாகத் தண்டவாளத்தின் ஓரம் வரை ஓடியது. "பாத்தியா, பாத்தியா," என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகு வேலப்பன் மூச்சு இழுத்தான். ஓட்டைத் துருத்தி போல ஒரு சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

ஜெயவேலின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

"தண்ணி குடுக்காத," என்றாள் ஃப்ளோரா. "இருமினா அடக்காத. துப்பட்டும். இப்டியே வெச்சி வண்டிய வலி."

கேட் திறந்தது.

10

ஆஸ்பத்திரியில் செய்தவை: இடது மார்பில் பனிக்கட்டிப் பை. மார்ஃபியா ஊசி, கொஞ்சமாக.* பெரிய டாக்டர் வந்து, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு, நுரையீரலைச் சுற்றிக் காற்றை ஏற்றினார். இடது நுரையீரல் சுருங்கி, கிழிந்த குழாயும் அதோடு சேர்ந்து அமுங்கியது. அன்றைக்கு இருந்த வழி அது. இன்றைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. நல்ல நுரையீரலுக்கு மட்டும் தனிக் குழாய் விடுகிறார்கள், தொடை வழியாக மெல்லிய குழாயை நெஞ்சு வரை கொண்டுபோய் ஒழுகும் தமனியை அடைக்கிறார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, இன்றைக்கும், எந்தப் பக்கம் என்ற கேள்விதான்.

* அதிகமாகக் கொடுத்தால் இருமல் நின்றுவிடும். நோயாளி அமைதியாகிவிடுவார். சுற்றி நிற்பவர்கள் நிம்மதி அடைவார்கள். அந்த அமைதியில் அவர் மூழ்குவார்.

மூன்றாம் நாள் காலை பார்க்க விட்டார்கள். மூன்று பேர் போனார்கள்: கெங்கம்மா, ஜெயவேல், மண்ணாங்கட்டி. வாசலில் ஃப்ளோரா நிறுத்தினாள்.

"அவர் பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. ஏய் மண்ணாங்கட்டி, உன் கோமாளித்தனத்த வெளியவே வெச்சிட்டு வா. அழ வெக்காதீங்க, கோவம் வர வெக்காதீங்க. உள்ள ரத்தம் கட்டி அடைச்சிகினு கீது. அது பேந்துச்சின்னா திரும்ப ஆரம்பிக்கும். அப்போ என்னால ஒண்ணியும் ஆவாது."

வேலப்பன் இடது பக்கமாகப் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. மண்ணாங்கட்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான், சிரிப்பு வராமல் இருக்க அல்ல. ஜெயவேல் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

வேலப்பன் தன் வலது கையை மெதுவாகத் தூக்கினான். இடது தோளைத் தொட்டான். அழுத்தினான். ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு உள்ளங்கையை விரித்தான். யார்?

வண்டியில் அவன் முதுகுதான் கெங்கம்மா பக்கம் இருந்தது. பார்த்திருக்க முடியாது. குரலைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை என்றும் இருக்கலாம். அதை நான் முடிவு செய்யவில்லை.

ஜெயவேல் ஒரு அடி முன்னால் வந்தான். "மச்சான்," என்றான். "அது நான்" என்று சொல்லத்தான் வந்தான். கெங்கம்மா தன் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

இதற்குப் பிறகு இரண்டு பக்கம் எழுதினேன். ஒன்றில் அவள் உண்மையைச் சொன்னாள். அவன் இருமினான். இன்னொன்றில் பொய் சொன்னாள். அவன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். இருபத்திரண்டு வருடம் அவள் அவனுக்குச் சோறு போட்டாள், ஒரு நாளும் அவன் தோளில் கை வைக்கவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டேன். நான் ஏற்கனவே ஒரு முறை இந்த மனிதனைத் தப்பான பக்கம் திருப்பியவன்.

அவன் கை இன்னும் விரிந்தபடி இருக்கிறது. கேட்பவன் பேசக் கூடாது. பதில் சொல்கிறவள் பேசலாம். அவளை நீங்களும் அந்த வண்டியருகே பார்த்தீர்கள்.

நீங்கள் எழுதுங்கள். எதைச் சொல்ல வைத்தாலும் மெதுவாகச் சொல்ல வையுங்கள்.